கப்பலேறாத ராஜபாளையம்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பெரியவர்களிடம் நாயைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், எப்படியும் இந்த வாக்கியம் வந்து விழும்: "எங்க தாத்தா ஒரு ராஜபாளையம் வெச்சிருந்தாரு." சொல்பவர் ரந்தாவ்காரராக இருக்கலாம், பகாவ்காரராக இருக்கலாம், வர்ணனை ஏறக்குறைய ஒன்றுதான். வெள்ளை நிறம். கன்றுக்குட்டி உயரம். இருட்டிய பிறகு லயத்துப் பக்கம் வெளியாள் கால் வைக்க முடியாது. கிராணியே தூரத்தில் நின்று குரல் கொடுத்துவிட்டுத்தான் வருவார். பன்றி வேட்டைக்குக் கூட்டிப்போனால் பாதி வேலையை அதுவே முடித்துவிடும்.

இதைப் பொய் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படி ஒரு நாய் இருந்தது, லயத்தைக் காத்தது, அதெல்லாம் சரி. அது ராஜபாளையமா என்பதுதான் கேள்வி. போகிறபோக்கில் கேட்டுவிட்டு மறந்துவிடக்கூடிய கேள்வி போலத் தெரியும். ஆனால் தோற்றத்தை வைத்து 'இது இன்ன இனம்' என்று தீர்ப்புச் சொல்லும் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் நாய்கள் மட்டும் இல்லை. நம் தாத்தாக்களும் வரிசையில் நிற்கிறார்கள்.

ராஜபாளையம் எப்படி இருக்கும்?

முதலில் நாயைப் பார்த்துவிடுவோம். ராஜபாளையம் இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் ஊர். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். அந்த ஊர்ப் பெயரால் அறியப்படும் நாய் உயரமானது. தோள்வரை 65 முதல் 75 செண்டிமீட்டர் இருக்கும். நெஞ்சு ஆழமானது, வயிறு ஒட்டியது, கால்கள் நீளம். முடி குட்டையாக உடம்போடு படிந்திருக்கும். காது மடிந்து தொங்கும், விறைத்து நிற்காது. வால் நுனிவரை மெலிந்துகொண்டே போய் லேசாக வளையும்; முதுகின் மேல் சுருண்டு உட்காராது. நிறம் பால் வெள்ளை. எல்லாவற்றையும்விட முக்கியமானது மூக்கு. வெள்ளை நாய்கள் உலகத்தில் எத்தனையோ உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றின் மூக்கு கறுப்பு. ராஜபாளையத்தின் மூக்கு இளஞ்சிவப்பு. கண் பொன்னிறம்.

2005 ஜனவரியில் இந்திய அஞ்சல்துறை நான்கு நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. இமயமலை மேய்ப்பு நாய், ராம்பூர் வேட்டைநாய், முதோல் வேட்டைநாய் ஆகியவற்றோடு நான்காவதாக இடம்பெற்றது ராஜபாளையம். தெற்கிலேயே இதற்கு உறவுக்காரர்கள் உண்டு. தேனிப் பக்கத்துக் கோம்பை செவலை உடம்பும் கருத்த மூஞ்சியுமாக இருக்கும். சிப்பிப்பாறையும் கன்னியும் ஒல்லி உடம்பு, முயல் வேட்டைக்குப் பேர்போனவை. ஆங்கிலேயர்கள் தெற்கத்திப் பெரிய வேட்டைநாயைப் 'பாளையக்காரர் நாய்' என்று எழுதிவைத்தார்கள். அந்தப் பெயரிலேயே ஒரு செய்தி இருக்கிறது. அது பாளையக்காரர் வீட்டு நாய். ஜமீன் வீட்டு நாய். பெரிய உடம்புக்குத் தீனி போட வசதி வேண்டும், வேட்டைக்குப் போகக் காடும் ஓய்வும் வேண்டும். வாசலில் கட்டிவைக்க வாசல் வேண்டும்.

டெக்கில் இடமில்லை

இப்போது கப்பலுக்கு வருவோம். மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் எடுக்கப்பட்டது பெரும்பாலும் திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு, தென் ஆற்காடு போன்ற மாவட்டங்களில். 1910-ல் ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்டது. கங்காணி முறை 1938-ல் இந்திய அரசாங்கம் தடைபோடும்வரை தொடர்ந்தது. ஆட்கள் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கவைக்கப்பட்டார்கள். மருத்துவச் சோதனை, அம்மைக் குத்து. பிறகு கப்பலின் மேல்தளத்தில் பயணம். 1926-லிருந்து ஓடிய 'ரஜூலா'வை இன்னும் நினைவு வைத்திருப்பவர்கள் உண்டு. இந்தப் பக்கம் வந்தால் பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரெஜாக் தீவிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ மறுபடி தனிமை முகாம். கையில் ஒரு துணிமூட்டை, கொஞ்சம் பாத்திரம். மனிதனையே எண்ணி, தட்டிப் பார்த்து, மருந்து தெளித்து இறக்கிய பயணத்தில், தோள் உயரம் 70 செண்டிமீட்டர் இருக்கும் நாய்க்கு இடம் ஏது?

இடம் இருந்தாலும் நாய் யாரிடம் இருந்தது? கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாதவர்கள். பஞ்சத்தாலும் கடனாலும் சாதியாலும் விரட்டப்பட்டவர்கள். ஊரில் அந்த மாதிரி நாயைப் பண்ணையார் வீட்டு வாசலில்தான் பார்த்திருப்பார்கள். அது யாரைப் பார்த்துக் குரைத்தது என்பதை யோசித்தால் விஷயம் விளங்கும். வாசற்படி ஏறக்கூடாதவர்களைப் பார்த்துத்தான். ஆக, நாய் வரவில்லை, பெயர் வந்தது. அதுவும் பின்னால், பத்திரிகை, சினிமா, ஊருக்குப் போய்வந்தவர்களின் பேச்சு என்று பல வழிகளில் வந்திருக்க வேண்டும். அது வந்து சேர்ந்தபோது லயத்தில் ஏற்கெனவே ஒரு பெரிய வெள்ளை நாய் நினைவில் இருந்தது. பெயர் அதன்மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

இதை நான் ஏமாற்று என்று நினைக்கவில்லை. எந்த நாய்க்குப் பயந்து தாத்தா ஒதுங்கி நடந்தாரோ, அந்த நாயைப் பேரன் தன் வீட்டு நாய் என்கிறான். அதற்குள் ஒரு கணக்குத் தீர்ப்பு இருக்கிறது.

சரி, அப்படின்னா அது என்ன நாய்?

தோட்டத்து நாய்க்கு இரண்டு ஊற்றுகள். ஒன்று, இந்த மண்ணின் நாய். தென்கிழக்காசியக் கிராமத்து நாய்க்கென்று ஓர் உடல்வாகு உண்டு: நடுத்தர உயரம், குட்டை முடி, நிமிர்ந்த காது, அரிவாள் போலவோ சுருளாகவோ மேலேறிய வால். செவலை, கறுப்பு, வெள்ளையில் திட்டு என்று நிறம் பலவாறு இருக்கும். கம்பத்து ஓரம், சீனர் பன்றிப் பண்ணை, ஓராங் அஸ்லி குடியிருப்பு என்று எங்கும் இருந்த நாய். 1963-ல் ஓர்வில் எலியட் என்ற மானுடவியலாளர் பகாங்கின் தெலோம் ஆற்றுப் பக்கம் ஓராங் அஸ்லி மக்களிடமிருந்து இப்படிப்பட்ட நாய்களை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். அங்கே அவற்றுக்கு 'தெலோமியன்' என்று பெயர் வைத்தார்கள். ஆற்றின் பெயர் ஒட்டிக்கொண்டதும் நாய் 'இனம்' ஆகிவிட்டது. அதே உடல்வாகுள்ள நாய் லயத்துக் கோடியில் படுத்திருந்தபோது அதற்கு வெறும் 'நாய்' என்றுதான் பெயர்.

இன்னொரு ஊற்று, துரையின் பங்களா. துரைமார்கள் சீமை நாய்கள் வைத்திருந்தார்கள். அவற்றில் தோட்டத்து நாக்கில் நன்றாகப் பதிந்த பெயர் 'அல்சேஷன்'. பங்களா வேலி எவ்வளவு உயரமாக இருந்தாலும் நாய்க்கு அது ஒரு பொருட்டில்லை. மலை இறங்கி லயத்துக்கு வந்துபோகும். கொஞ்ச நாளில் லயத்துக் குட்டிகளின் கால் நீளும்.

இங்கேதான் கண் ஏமாறும். அல்சேஷனின் அடையாளம் முதுகில் கறுப்புச் சேணம் விரித்த மாதிரி இருக்கும் நிறம். ஆனால் மரபணுக் கணக்கில் செவலை நிறம் அந்தச் சேணத்தை அமுக்கிவிடும். செவலைப் பெட்டைக்கும் அல்சேஷனுக்கும் பிறக்கும் குட்டிகள் பெரும்பாலும் செவலையாகவே இருக்கும். அப்பன் வழியில் மூஞ்சி மட்டும் கருத்து வரலாம். செவலை உடம்பு, கருத்த மூஞ்சி, நல்ல உயரம். தேனிக்காரர் பார்த்தால் என்ன சொல்வார்? கோம்பை என்பார். சத்தியம் பண்ணிச் சொல்வார். அதன் அப்பன் பங்களா நாய், அம்மா லயத்து நாய் என்பதும், கோம்பைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பதும் தோலில் எழுதியிருக்காது.

ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பசென்ஜி நாயையும் காக்கர் ஸ்பேனியலையும் கலந்து வளர்த்து, 1965-ல் தங்கள் நூலில் விவரமாக எழுதினார்கள். இரண்டு தலைமுறைக்குள் பாட்டன் பாட்டி சாயலே இல்லாத குட்டிகள் பிறந்தன. 2009-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வு, காப்பகங்களிலிருந்து தத்தெடுக்கப்பட்ட 20 கலப்பு நாய்களை எடுத்துக்கொண்டது. காப்பகத்தார் பார்த்துச் சொன்ன இனமும் மரபணுச் சோதனை காட்டிய இனமும் பெரும்பாலான நாய்களில் ஒத்துப்போகவில்லை. நாயோடு பழகியவர்களின் கண்ணுக்கே இதுதான் கதி.

'அல்சேஷன்' என்ற பெயரின் கதையும் விசித்திரமானது. அது ஜெர்மன் மேய்ப்பு நாய். 1899-ல் அதை ஓர் இனமாக நிலைநிறுத்திய மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ், அழகைவிட வேலைதான் முக்கியம் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். முதல் உலகப்போரில் பிரிட்டனுக்கு ஜெர்மன் என்ற சொல்லே கசந்தது. 1919-ல் பிரிட்டிஷ் நாயினக் கழகம் அதை 'அல்சேஷன் ஓநாய் நாய்' என்று பதிந்தது. ஜெர்மனைத் தவிர்க்கப்போய் ஓநாயை உள்ளே விட்டார்கள். பார்க்கவும் ஓநாய் மாதிரி, பெயரிலும் ஓநாய். ஆட்டுப் பண்ணைகள் நிறைந்த ஆஸ்திரேலியா பயந்துபோய் 1929-ல் அந்த நாயை இறக்குமதி செய்யத் தடைபோட்டது. 1970கள்வரை அந்தத் தடை நீடித்தது. ஆடு மேய்க்கப் பிறந்த நாயை ஆட்டுக்கு எதிரியாக்கியது அதன் முகமும் ஒரு பெயரும்தான்.

கண்ணால் அளப்பது

தோற்றத்துக்கும் காவலுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல முடியாது. முதல் நூற்றாண்டில் விவசாயம் பற்றி எழுதிய ரோமானியர் கொலுமெல்லா இதை யோசித்திருக்கிறார். ஆட்டு மந்தையைக் காக்கும் நாய் வெள்ளையாக இருக்கட்டும். மங்கிய வெளிச்சத்தில் ஓநாய் என்று நினைத்து அதை அடித்துவிட மாட்டோம். வீட்டைக் காக்கும் நாய் கறுப்பாக இருக்கட்டும். பகலில் திருடனுக்குப் பயங்கரமாகத் தெரியும், இரவில் தெரியவே தெரியாது. அவருக்கு வேலை முன்னால், நிறம் பின்னால். தமிழிலும் அப்படித்தான். பட்டியைக் காத்தால் பட்டிநாய், வேட்டைக்குப் போனால் வேட்டைநாய். செய்கிற வேலைதான் பெயர்.

19ஆம் நூற்றாண்டு இதைத் தலைகீழாக்கியது. 1873-ல் பிரிட்டனில் நாயினக் கழகம் தொடங்கியது. நாய்க்குக் கண்காட்சி, வம்சாவளிப் பதிவேடு, ஒவ்வோர் இனத்துக்கும் எழுத்தில் ஓர் இலக்கணம் என்று வந்தன. காது இப்படி, மூக்கு இப்படி, உயரம் இவ்வளவு, குணம் இது. அதே காலத்தில் அதே பேரரசு மனிதர்களுக்கும் அட்டவணை போட்டுக்கொண்டிருந்தது. ஹெர்பர்ட் ரிஸ்லி வங்காளத்தில் மூக்கின் அகலத்தையும் நீளத்தையும் அளந்து சாதிகளை வரிசைப்படுத்தினார். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் அளவுகோலோடு தென்னிந்தியா முழுக்கச் சுற்றி மண்டையையும் மூக்கையும் அளந்தார். ரங்காச்சாரியின் துணையோடு அவர் எழுதிய ஏழு தொகுதிகள் 1909-ல் வெளிவந்தன.

அந்தப் பார்வை மலாயாவுக்கும் கப்பலேறியது. தோட்ட முதலாளிகளின் எழுத்துகளில் தொழிலாளர் இனங்களுக்கு ஒரு குணப் பட்டியல் உண்டு. சீனன் சுயேச்சைக்காரன், கட்டுக்குள் நிற்க மாட்டான். தமிழன் பணிவானவன், சொன்னதைச் செய்வான், குறைந்த கூலிக்கு வருவான். நாயினப் புத்தகத்தில் 'குணம்' என்ற தலைப்பின் கீழ் எழுதுவதைப் போலவே எழுதினார்கள். ஆவடியில் வரிசையில் நின்றவர் யார், என்ன பாடினார், எதற்குக் கோபப்படுவார் என்பது அந்தக் கட்டத்தில் இல்லை. 'பணிவு' என்று முத்திரை விழுந்தவர்களின் பிள்ளைகள்தான் 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்து, துப்பாக்கிச் சூட்டுக்கும் முன்னால் நின்றார்கள்.

செவிட்டுக் காவல்காரன்

தோற்றத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ராஜபாளையமே சாட்சி. அந்த இனத்தில் கறுப்பு, பழுப்பு, திட்டு விழுந்த குட்டிகளும் பிறப்பதுண்டு. பால் வெள்ளைதான் மதிப்பு என்று ஆனபிறகு நிறம் மாறிய குட்டிகளைப் பிறந்தவுடன் கழித்துக்கட்டுவது வழக்கமாக இருந்தது. கழித்துக்கட்டுவது என்றால் கொல்வது. தலைமுறை தலைமுறையாக வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்தார்கள்.

உட்செவியின் வேலைக்கு நிறமிச் செல்கள் தேவை. தோலுக்கு நிறம் தரும் அதே வகைச் செல்கள்தான். அவை அங்கே போய்ச் சேராவிட்டால் குட்டி பிறந்த சில வாரங்களில் காது செத்துவிடும். அமெரிக்காவில் டால்மேஷன் நாய்களைச் சோதித்தபோது, சுமார் 30 விழுக்காடு நாய்களுக்கு ஒரு காதாவது கேட்கவில்லை. ராஜபாளையத்திலும் காது கேளாத குட்டிகள் பிறப்பது வளர்ப்பவர்கள் அறிந்த சங்கதி. கண் நீலமாக இருந்தால் முதலில் காதைத்தான் சோதிப்பார்கள். காவல் நாய்க்குக் கண்ணைவிடக் காதுதான் ஆயுதம். இருட்டில் காய்ந்த கித்தா இலை நொறுங்கும் சத்தத்தை நாம் கேட்பதற்கு முன்னால் கேட்பதுதான் அதன் வேலை. அழகான வெள்ளை வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கியதில், காவல்காரனின் காதே போய்விட்டது.

லயத்து நாயை யாரும் அப்படிப் பொறுக்கவில்லை. எது குரைத்ததோ, எது குழந்தையைக் கடிக்கவில்லையோ, எது பன்றிக்கு முன்னால் ஓடாமல் நின்றதோ, அதற்குச் சோறு கிடைத்தது. 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலத்தில் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு, ஊரடங்கு வைத்தார்கள். வேலிக்கு வெளியே நடமாட்டம் இருந்தால் முதல் தகவல் நாயிடமிருந்துதான் வரும். குரைப்பை வைத்தே வந்தது பன்றியா மனிதனா என்று சொல்லிவிடும் ஆட்கள் இருந்தார்கள். தோட்டத்து எல்லையில் முனியாண்டிக்கும் கருப்பருக்கும் பக்கத்தில் சிமெண்டு நாய் ஒன்று உட்கார்ந்திருக்கும். அது எந்த இனம் என்று எந்தப் பூசாரியும் கேட்டதில்லை. காவல் தெய்வத்தின் நாய். அவ்வளவுதான்.

பாரத்தில் ஒரு கட்டம்

இதெல்லாம் பழங்கதை இல்லை. பிரிட்டனில் 1991-ல் வந்த ஆபத்தான நாய்கள் சட்டம், பிட்புல் 'வகை' என்று தோற்றத்தை அளந்தே முடிவு செய்கிறது. அந்த வகை இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உடையவர் தலையில். எக்ஸ்எல் புல்லியையும் பின்னர் பட்டியலில் சேர்த்தபோது, ஆண் நாய்க்கு 51 செண்டிமீட்டர், பெண் நாய்க்கு 48 என்று தொடக்க உயரம் குறித்தார்கள். அளவுநாடாவில் ஒரு செண்டிமீட்டர், ஒரு நாயின் உயிர். மலேசியாவிலும் கால்நடைத் துறையின் பட்டியல் இருக்கிறது. பிட்புல், ஜப்பானிய தோசா, அகிதா, நெப்போலிட்டன் மாஸ்டிஃப் போன்றவற்றுக்குத் தடை. ரோட்வைலர், டோபர்மன், நமக்குப் பழக்கமான அல்சேஷன் ஆகியவற்றுக்குக் கட்டுப்பாடு. 1952-ல் கோலாலம்பூர் வட்டாரத்தில் வெறிநாய்க்கடி பரவியபோது கட்டாயத் தடுப்பூசியும் தெருநாய்களை அழிப்பதும் சேர்ந்தே நடந்தன. பொதுச் சுகாதாரம் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அன்றும் இன்றும், வேட்டைக்காரன் கயிறு முதலில் விழுவது பெயர் இல்லாத நாயின் கழுத்தில்தான்.

நீலாயிலும் சிரம்பான் 2-லும் ஸ்ரீ செண்டாயானிலும் கித்தாவும் செம்பனையும் நின்ற நிலத்தில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. தோட்டத்து மக்கள் பலர் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். அடுக்குமாடியில் நாய் வளர்க்கப் பல ஊராட்சி மன்றங்கள் உரிமம் தருவதில்லை. முனியாண்டியையாவது இடம் மாற்றக் கேட்டுப் போராடினார்கள். நாய்க்கு மாற்று இடம் கேட்க யாராலும் முடியவில்லை. ஆட்கள் போனபிறகும் இடிந்த லயத்து வாசலில் அது காவல் இருந்தது.

இன்று தாமானில் தரைவீடு வாங்கியவர்கள் நாய்க்கு உரிமம் எடுக்கப் போகிறார்கள். பாரத்தில் 'பாக்கா' என்று ஒரு கட்டம், அதாவது இனம். அங்கே 'ராஜபாளையம்' என்று எழுத ஆசையாகத்தான் இருக்கும். காசு கொடுத்து அந்தப் பெயரில் குட்டி வாங்குவோரும் உண்டு. வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்லலாம். மூக்கைப் பாருங்கள், காது மடலைப் பாருங்கள், வாலைப் பாருங்கள். பிறகு அதன் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள், திரும்புகிறதா என்று.

வீட்டில் பழைய புகைப்படம் இருந்து, அதில் தாத்தா காலடியில் ஒரு வெள்ளை நாய் உட்கார்ந்திருந்தால், காது நிமிர்ந்திருக்கிறதா, மூக்கு கறுப்பா, வால் முதுகில் ஏறியிருக்கிறதா என்று பார்க்கலாம். அநேகமாக அது இந்த மண்ணின் நாயாகத்தான் இருக்கும், கொஞ்சம் பங்களா ரத்தம் கலந்து. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. படத்தின் பின்பக்கம் 'ராஜபாளையம்' என்று எழுதுவதற்குப் பதிலாக, பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, அந்த நாயை அவர்கள் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள், எந்தத் தோட்டத்தில் எத்தனையாவது லயத்தைக் காத்தது என்று எழுதிவைக்கலாம். தோட்டங்கள் அழிந்துகொண்டிருக்கும்போது, நமக்குத் தேவைப்படும் வம்சாவளி அதுதான்.